ஜெர்மனிக்கு வந்த புதிதில் நம் ஊர்ச் சமையலுக்கான பொருள்களைத் தேடிப் பிடிப்பது எப்படி

படிப்புக்கோ வேலைக்கோ ஜெர்மனிக்கு வருகிறவர்களில் பலர், வந்த முதல் வாரத்திலேயே இந்தியக் கடை எங்கே இருக்கிறது என்று கைப்பேசியில் தேடி, ரயிலேறிப் போய், அரிசியிலிருந்து வெங்காயம் வரை எல்லாவற்றையும் அங்கேயே கூடுதல் விலைக்கு வாங்கித் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பைகளில் இருப்பவற்றில் பெரும்பகுதி வீட்டுக்கு அருகிலேயே கிடைக்கக்கூடியது. துவரம்பருப்பு, உளுந்து, இட்லி அரிசி, பெருங்காயம், நல்லெண்ணெய், கறிவேப்பிலை ஆகியவற்றுக்குத்தான் இந்தியக் கடையோ தமிழ்க் கடையோ கட்டாயம் தேவைப்படுகிறது. அதற்கு மாதம் ஒருமுறை போனால் போதும். மற்றவற்றை ஜெர்மானியப் பேரங்காடி, துருக்கிக் கடை, தாய்லாந்து, வியட்நாம் பொருள்கள் விற்கும் ஆசியக் கடை ஆகிய மூன்றிலும் பிரித்து வாங்கிக்கொள்ளலாம்.

ரேவே, எடேகா, லிடில், ஆல்டி போன்ற பேரங்காடிகளில் ரவை, கடலை மாவு, மைசூர்ப் பருப்பு, மஞ்சள்தூள், வெந்தயம், சோம்பு ஆகியவை அனேகமாகக் கிடைத்துவிடும். சோம்பு மசாலா அடுக்கில் இல்லையென்றால் தேநீர் அடுக்கில் இருக்கும். சீரகம் வாங்கும்போது மட்டும் பெயரைக் கவனிக்க வேண்டும். உறையில் வெறுமனே ‘க்யூம்மெல்’ என்றிருந்தால் அது வேறொரு விதை, ரசத்தைக் கெடுத்துவிடும். நமக்கு வேண்டியது ‘க்ரொய்ட்ஸ்க்யூம்மெல்’. அங்கே விற்கும் மஞ்சள் நிறக் கடுகும் தாளிப்புக்கு உதவாது. பட்டாணிப் பருப்பைத் துவரம்பருப்பு என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் சாம்பார் வேறு ருசிக்குப் போய்விடும்.

மாவுப் பைகளின் மேல் 405, 550, 1050 என்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். நூறு கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சும் என்பதையே அந்த எண் குறிக்கிறது. எண் கூடக்கூட மாவில் தவிட்டுப் பகுதி கூடுகிறது என்று பொருள். 405 நம் மைதாவுக்கு இணையானது. பரோட்டாவுக்கு 550 இன்னும் நன்றாக இழுபடும். முழுக்கோதுமை மாவு இங்கே கொரகொரப்பாக அரைக்கப்படுவதால், அதை மட்டும் பிசைந்தால் சப்பாத்தி விளிம்பில் பிய்ந்துகொள்ளும். பாதிக்குப் பாதி 550 கலந்து, அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் சரியாக வரும். பாலில் வேகவைத்து இனிப்பாக உண்பதற்கென்று ‘மில்ஷ்ரைஸ்’ என்ற பெயரில் விற்கும் குட்டை அரிசி, நன்றாகக் குழைவதால், வெண்பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் மிகப் பொருத்தமானது, விலையும் மலிவு. நெய்க்கு ‘பூட்டர்ஷ்மால்ட்ஸ்’ என்ற உருக்கிய வெண்ணெயையும், வெல்லத்துக்கு இயற்கை அங்காடிகளில் கிடைக்கும் சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரையையும் பயன்படுத்தலாம். இங்குள்ள தயிர் புளிப்பில்லாமல் சப்பென்றிருக்கும். மோர்க்குழம்புக்கு முதல் நாள் இரவே அதை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் அரை லிட்டர் குவளைகளில் விற்கும் மோரை வாங்கினால் தேவையான புளிப்பு அதிலேயே இருக்கும்.

காய்கறிக்கும் இறைச்சிக்கும் துருக்கிக் கடையை மிஞ்ச ஒன்றுமில்லை. வெண்டைக்காய், கத்தரிக்காய், கீரைக் கட்டு, மொத்தமாக அள்ளித் தரும் கொண்டைக்கடலை, வாளியில் விற்கும் கெட்டித் தயிர், கேட்ட அளவில் எலும்போடு வெட்டித் தரும் ஆட்டிறைச்சி எல்லாம் அங்கே உண்டு. கொத்தமல்லிக்கு அருகிலேயே அச்சு அசலாக அதே தோற்றத்தில் பார்ஸ்லிக் கட்டுகளும் அடுக்கப்பட்டிருக்கும் என்பதால், ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டுக் கூடையில் போடுங்கள். நீளமான பச்சை மிளகாய்களில் காரமே இல்லாத வகையும் இருக்கிறது. கடைக்காரரிடம் ‘ஆஜி’ என்று கேட்டால் காரமானதைக் காட்டுவார்.

ஆசியக் கடையில் புளிக்கட்டி, தேங்காய்ப்பால், சின்ன வெங்காயத்துக்கு ஈடான சிறு சிவப்பு வெங்காயம், பயத்தங்காய், உறையவைத்த வாழையிலை ஆகியவை கிடைக்கும். அங்கே இரண்டு இடங்களில் ஏமாறக்கூடும். எள்ளை வறுத்துப் பிழிந்த கரிய எண்ணெய் நம் நல்லெண்ணெய் அல்ல. இட்லிப் பொடியில் அதை ஊற்றினால் சீன உணவகத்தின் மணம்தான் வரும். அரிசி மாவிலும் பசையரிசி மாவு என்றொன்று இருக்கிறது. அதில் இடியாப்பம் பிழிய முயன்றால் உரலிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இனி தமிழ்க் கடை. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்து வந்தவர்கள் தொடங்கிய கடைகள் டோர்ட்முண்ட், எஸன் போன்ற ரூர் பகுதி நகரங்களிலும், பெர்லின், ஸ்டுட்கார்ட் முதலிய பெருநகரங்களிலும் இருக்கின்றன. ஃப்ராங்க்ஃபர்ட், மியூனிக் நகரங்களில் தலைமை ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களைப் பார்த்தாலே போதும். ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த்திருவிழாவுக்குப் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். உங்கள் ஊருக்கு அருகில் யார் என்ன விற்கிறார் என்பதை இணையத்தைவிட அங்கே கூடுகிறவர்களிடம் விரைவாகத் தெரிந்துகொள்ளலாம். கடைகளில் கேழ்வரகு மாவு ‘குரக்கன் மா’ என்ற பெயரில் இருக்கும். முருங்கைக்காய், வல்லாரை, உறையவைத்த தேங்காய்ப்பூ, வஞ்சிரம், நெத்திலி என்று தமிழ்நாட்டுக்காரரும் அங்கே ஏறக்குறைய எதையும் தேடி எடுக்கலாம். விமானத்தில் வரும் காய்கறிகளும் இலைகளும் எந்தக் கிழமை இறங்குகின்றன என்று முதல் முறை போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வந்த மறுநாள் போகிறவருக்குக் கிடைக்கும் முருங்கைக்காயும், ஐந்து நாள் கழித்துப் போகிறவருக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கடைகள் மூடியிருக்கும் என்பதை மறந்துவிட்டுப் புறப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கறிவேப்பிலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பூச்சிமருந்து எச்சம் இருக்கக்கூடும் என்பதால் இந்தியாவிலிருந்து வரும் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் கூடுதல் சோதனைக்குரிய பொருளாக வைத்தது. சிறு பொட்டலத்துக்கும் கணிசமான விலை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பத்துப் பதினைந்து ஈர்க்குகளை ஒரே தடவையில் வாங்கி, கழுவி, துணியில் பரப்பி ஈரம் முற்றிலும் போன பிறகு, இலைகளை உருவி மூடியுள்ள டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். தாளிக்கும்போது உறைந்தபடியே எண்ணெயில் போட்டால் மணம் பெரிதும் குறையாது. காயவைத்து விற்கும் இலையை வாங்குவது வீண். அதில் கறிவேப்பிலையின் பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

பொருள்கள் எல்லாம் கிடைத்த பிறகும் இட்லி மாவு புளிக்கவில்லை என்பதே குளிர்காலத்தில் எல்லோரும் சொல்லும் குறை. வீட்டுக்குள் 20 பாகை வெப்பம் இருந்தாலும் இரவில் அது இறங்கிவிடுவதால், மாவு காலையில் ஊற்றி வைத்தபடியே கிடக்கும். உளுந்தோடு ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை ஊறவைத்து, அரைக்கும்போது தண்ணீரை அளவாகச் சேர்த்து, கையால் நன்றாகக் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல், மின்னடுப்பின் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு வைத்தால் அந்தச் சிறு வெப்பமே மாவைப் பொங்கவைக்கும். புதிய அடுப்புகளின் எல்ஈடி விளக்கு சூடாவதில்லை. அப்படியானால் கொதிநீர் நிரப்பிய பாத்திரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, படுக்கப் போகுமுன் நீரை ஒருமுறை மாற்றுங்கள். பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து பதினாறு மணி நேரம் வரை ஆகும். பாத்திரத்துக்கு அடியில் ஒரு தட்டு வைப்பதும், வேறு பலரோடு ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்கிறவராக இருந்தால் அடுப்பின் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவைப்பதும் மிக அவசியம். உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமல் யாராவது பீட்ஸாவுக்காக அடுப்பை 220 பாகைக்குத் திருப்பிவிட்டால், மாவோடு பிளாஸ்டிக் மூடியும் போய்விடும்.

மிக்ஸியையும் மேசை கிரைண்டரையும் ஊரிலிருந்து கொண்டுவரலாம். இரு நாடுகளிலும் மின்னழுத்தம் 230 வோல்ட்தான், செருகி மட்டும் மாற வேண்டும். குக்கரை எடுத்து வருமுன் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பா என்று விசாரியுங்கள், ஏனெனில் சாதாரண அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது.

ஊரிலிருந்து வரும்போது பெட்டியின் எடையை அரிசிக்கும் பருப்புக்கும் செலவிடுவது அறிவுடைமை ஆகாது. வீட்டில் வறுத்து அரைத்த சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, வற்றல், வடகம், வழக்கமான கடையின் காப்பித்தூள் ஆகியவற்றுக்குத்தான் இங்கே உண்மையான மாற்று இல்லை. இறைச்சியும் பால்பொருள்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனிப்பயணியாக வருகிறவர் கொண்டுவரக் கூடாதவை. அம்மா உருக்கிக் கொடுத்த நெய்யும் பால்கோவாவும் இந்தத் தடைக்குள் வந்துவிடுகின்றன. 2019 டிசம்பர் 14 முதல் தாவரநலச் சான்றிதழ் இல்லாமல் புதிய காய், கனி, இலை எதையும் கொண்டுவர முடியாது. அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே வாழைப்பழம் பையில் வரலாம், மாம்பழமும் கறிவேப்பிலைக் கொத்தும் வரக் கூடாது. விமானத்தில் வருகிறவர் கொண்டுவரும் பொருள்களின் மொத்த மதிப்பு 430 யூரோவுக்குள் இருந்தால் சுங்கம் கிடையாது. மீனுக்கான வரம்பு தாராளமானது: தலைக்கு 20 கிலோ வரை அனுமதிக்கப்படுவதால், கருவாட்டைச் சட்டப்படியே எடுத்து வரலாம். ஆனால் அதை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறைகளில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்கால மேலங்கி இல்லாத பெட்டியில் வையுங்கள். கம்பளித் துணியில் ஏறிய கருவாட்டு வாடை ஒரு சலவையில் போகாது.