பழைய ஹைட்ரோ எக்ஸ்ட்ராக்டர் ஆடினால் பேரிங்கில் கை வைக்காதீர்கள்

சலவைக்கூடங்களில் ஈரத்துணி பிழியும் அந்த மூன்று கால் குண்டு எந்திரம் என் கைக்கு வந்தபோது, ஓட விட்டதும் தரையே அதிர்ந்தது. சரிசெய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் மெயினை அணைத்து, ஃபியூஸ்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, துணியைப் போட்டுச் சுற்றும் ஓட்டை போட்ட கூடை. டார்ச் அடித்து ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் வெல்டிங் கோட்டையும் பாருங்கள். ஓட்டைக்கு ஓட்டை மயிரிழை விரிசல் ஓடியிருந்தால் அந்தக் கூடையின் கதை முடிந்தது. வெல்டு வைத்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 60 செ.மீ. விட்டமுள்ள கூடை நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும்போது, 1 கிலோ ஈரத்துணி கூடையின் சுவரைத் தள்ளும் விசை ஏறக்குறைய 335 கிலோ பாரத்துக்குச் சமம்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கூடையைக் கையால் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போலக் கரகரத்தால்தான் பேரிங் போயிருக்கிறது. என்னுடையது வழவழவென்று சுற்றியது. ஆனாலும் ஆட்டம் என்றாலே பேரிங்தான் என்று முடிவுகட்டி, இரண்டு நாள் புல்லரோடு (பேரிங்கை இழுத்துக் கழற்றும் கருவி) மல்லுக்கட்டி மாற்றினேன். ஆட்டம் அப்படியே இருந்தது.

கோளாறு கால்களில். கூடையும் அதைச் சுற்றியிருக்கும் வெளிக்கூடும் மூன்று கால்களிலிருந்து கம்பிகளில் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஸ்பிரிங், அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ். இரண்டு புஷ்களில் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. மூன்றாவது கல்லாக இறுகியிருந்தது. ஒரு கால் மட்டும் விறைத்து நின்றால் எந்திரம் ஆடாமல் என்ன செய்யும்? மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். நட்டைத் தொடும் முன் வெளிக்கூட்டுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். ரிங் ஸ்பேனர்தான் இதற்குச் சரி. அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் துருப்பிடித்த நட்டின் முனையை மழுக்கிவிடும். கடைசியில் கூடையின் விளிம்பில் ரசமட்டம் வைத்து நேராக்குங்கள்.

பிரேக் லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துப் பயனில்லை, புதிது போடுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை ஊதாமல், முகமூடி போட்டு ஈரத்துணியால் எடுங்கள்.

மூடி திறந்திருந்தால் ஓடாமலும், ஓடும்போது திறக்காமலும் தடுக்கும் இன்டர்லாக் பல பழைய எந்திரங்களில் இருக்காது. அதைப் பொருத்தும்வரை ஓட்டவே ஓட்டாதீர்கள். சுற்றும் கூடையில் ஒரு துணி நுனியைப் பிடித்தாலும் அது கையைச் சுற்றி இழுத்துவிடும்.

சரி, இனி வெறும் கூடையோடு ஓட்டம், அப்புறம் துணி.

பிற்சேர்க்கை: புஷ் மாற்றியும் ஆடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், உள்ளே போட்டது ஒரே ஒரு கம்பளி, அதையும் ஒரு பக்கமாக! பெரிய துணி என்றால் வளையமாகச் சுவரையொட்டிச் சுற்றி வையுங்கள். இன்னொருவருக்குக் கூடை எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறது. மூன்று ஃபேஸ் மோட்டாரில் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஏதாவது இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் திசை திரும்பும். மாற்றியபின் கூடையின் நடு நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே துணி போடுங்கள்.