தோளிலும் மேற்கையிலும் தமனி, நரம்பு, நிணநீர்க் கணு: விரலால் தேடிப் பிடிக்கும் முறை

பாடப் படத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். உயிருள்ள கையில் இந்த நிறமெல்லாம் கிடையாது. விரலுக்குத் தட்டுப்படுவது எலும்பும் தசையின் விளிம்பும்தான். ஆகவே தேடலை எலும்பிலிருந்தே தொடங்க வேண்டும். இந்தப் பகுதியின் பெரிய குழாய்களிலும் நரம்புகளிலும் பல, வழியில் எங்காவது ஓரிடத்தில் எலும்பை உரசிக்கொண்டு போகின்றன. அவற்றைத் தொட்டு உணர வசதியான இடம் அதுதான். எலும்பு முறிந்தால் அவை சிக்கிக்கொள்வதும் அதே இடத்தில்தான்.

பிசியோதெரபி, நர்சிங், மருத்துவ மாணவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து இதைப் பழகலாம். தோள் முழுசாகத் தெரியும் உடை, தோலில் எழுதும் மார்க்கர், அளவு நாடா, கொஞ்சம் பஞ்சு இருந்தால் போதும்.

முதலில் எலும்பு

எதிரில் இருப்பவரின் காறை எலும்பை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டே போங்கள். தோளின் உச்சியில் தட்டையாக ஒரு விளிம்பு வரும், அது அக்ரோமியன். அதில் ஒரு கோடு போடுங்கள். பிறகு முழங்கையின் இரு பக்க முண்டுகளையும் குறியுங்கள். அக்குளின் முன்மடிப்பு, பின்மடிப்பு இரண்டையும் விரலால் பிடித்துப் பாருங்கள். முன்மடிப்பு மார்புத் தசை. பின்மடிப்பு, பின்புறமிருந்து மேற்கைக்கு வரும் லாட்டிசிமஸ் டார்சை, டெரெஸ் மேஜர் என்ற இரு தசைகளும் சேர்ந்தது.

தமனியின் பாதை

கையைப் பக்கவாட்டில் 90 டிகிரி விரித்து, உள்ளங்கையை மேல்நோக்கி வைக்கச் சொல்லுங்கள். காறை எலும்பின் நடுவிலிருந்து முழங்கை மடிப்பில் பைசெப்ஸ் (மேற்கையின் முன்பக்கத் தசை) தசைநாணின் உட்பக்கம் வரை ஒரு நேர்கோடு போட்டால், கிட்டத்தட்ட அதுதான் தமனி. ஒரே குழாய்க்கு வழியில் பெயர் மட்டும் மாறுகிறது: முதல் விலா எலும்பின் வெளி விளிம்பு வரை சப்கிளேவியன், அங்கிருந்து டெரெஸ் மேஜரின் கீழ் விளிம்பு வரை ஆக்ஸிலரி, அதற்குக் கீழே பிரேக்கியல்.

பிரேக்கியல் துடிப்பைத் தேடும்போது கையைத் தளர்வாக இறக்கி, முழங்கையைச் சற்று மடித்து, முன்கையை நீங்கள் தாங்கிக்கொள்ளுங்கள். மேற்கையின் உட்பக்கம் பைசெப்ஸுக்கும் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். மூன்று விரல்களை அதில் வைத்து, எலும்பை நோக்கி வெளிப்பக்கமாக அழுத்துங்கள். முன்னாலிருந்து பின்னோக்கி அழுத்தினால் பைசெப்ஸ்தான் நசுங்கும், துடிப்பு கிடைக்காது. புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். கீழே வர வர தமனி எலும்பின் முன்பக்கம் திரும்பிவிடும், அங்கே பின்னோக்கி அழுத்தினால்தான் சரி. கட்டைவிரலால் தேட வேண்டாம். அதன் சொந்தத் துடிப்பு குழப்பும்.

முன்கையில் ரத்தம் பீறிடும்போது அவசரத்துக்கு அழுத்தத் தோதான இடமும் மேற்கையின் இதே உட்பள்ளம்தான். ஆனால் முதல் வேலை காயத்தின் மேலேயே நேராக அழுத்துவது. அழுத்தும்போது விரல்களில் மதமதப்பு வந்தால் தமனியை ஒட்டி ஓடும் மீடியன் நரம்பும் சேர்ந்து அழுந்துகிறது என்று பொருள். மேற்கையின் மேல்பாதியில் அது தமனிக்கு வெளிப்பக்கம் இருக்கும். நடுவில் தமனியைக் குறுக்கே கடந்து உட்பக்கம் வந்துவிடும்.

ரத்த அழுத்தப் பட்டையின் காற்றுப்பை நடுப்பகுதி இந்தத் துடிப்பின் மேல் விழ வேண்டும். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே இருக்க வேண்டும். காற்றுப்பையின் நீளம் கைச்சுற்றளவில் 80 விழுக்காடாவது இருப்பது நல்லது. பட்டை சிறிதானால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

சிரைகள்

இவை எளிது. மேற்கையில் கட்டுப் போட்டு, கையை மூடித் திறக்கச் சொன்னால் புடைத்து வரும். வெளிப்பக்கமாக ஏறும் செபாலிக் சிரை, தோளை மூடியிருக்கும் டெல்டாய்ட் தசைக்கும் மார்புத் தசைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் போய் காறை எலும்புக்குக் கீழே உள்ளே இறங்குகிறது. உட்பக்கம் ஏறும் பேசிலிக் சிரை மேற்கையின் நடுவிலேயே ஆழத்துக்குப் போய்விடுவதால் அதற்கு மேலே கண்ணுக்குத் தெரியாது. முழங்கை மடிப்பில் இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சிரையில்தான் வழக்கமாக ரத்தம் எடுக்கிறோம். அதன் அடியில் பைசெப்ஸிலிருந்து விரியும் மெல்லிய தசைநாண் தகடு ஒன்று இருக்கிறது. தமனியும் மீடியன் நரம்பும் அந்தத் தகட்டுக்குக் கீழே. ஊசி ஆழமாகப் போனால் தகட்டைத் தாண்டிவிடும். குத்தும் முன் அந்த இடத்தில் துடிப்பு இருக்கிறதா என்று விரலால் பாருங்கள், ஏனென்றால் தமனி மேலாக ஓடும் கைகளும் உண்டு. கட்டுப் போட்ட பிறகு மணிக்கட்டில் நாடி நின்றுவிட்டால் கட்டு அளவுக்கு மீறி இறுக்கம்.

நரம்புகள்: எங்கே சிக்கும், எப்படிச் சோதிப்பது

கழுத்தில் சி5 முதல் டி1 வரையிலான (கழுத்துப் பகுதியின் ஐந்தாவது முதல் மார்புப் பகுதியின் முதலாவது வரை) தண்டுவட நரம்பு வேர்கள் பின்னிப் பிரிந்து கைக்கு வருகின்றன. பின்னலை முழுதும் மனப்பாடம் செய்யலாம், தேர்வுக்கு உதவும். நோயாளியின் படுக்கையருகே உதவுவது ஐந்து நரம்புகள் ஓடும் இடங்களும் அவற்றின் வேலையும்.

ஆக்ஸிலரி நரம்பு மேற்கை எலும்பின் கழுத்தைப் பின்புறமாகச் சுற்றி, டெல்டாய்டின் அடிப்பரப்பில் குறுக்கே ஓடுகிறது. அக்ரோமியனிலிருந்து சுமார் 5 முதல் 7 செ.மீ. கீழே. தோள் மூட்டு நழுவும்போதும் எலும்பின் கழுத்து முறியும்போதும் பாதிக்கப்படுவது இதுதான். தோளின் வெளிப்பக்கத் தோலில் பஞ்சால் தொட்டுப் பார்ப்பது வழக்கம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது: தோல் உணர்ச்சி சரியாக இருந்தும் டெல்டாய்ட் வேலை செய்யாமல் போகலாம். கையை உயர்த்தச் சொல்லியும் பார்க்க முடியாது. வலிக்கும், தவிர முதல் சில டிகிரியைத் தோள்பட்டை எலும்பின் மேற்பகுதியிலுள்ள சுப்ராஸ்பினேட்டஸ் தசையே தூக்கிவிடும். நல்ல வழி, உங்கள் ஒரு உள்ளங்கையை டெல்டாய்டின் மேல் வைத்து, மறு கையால் முழங்கையைத் தடுத்துப் பிடித்து, அதை வெளிப்பக்கம் தள்ளச் சொல்வது. மூட்டு அசையாமலேயே தசை இறுகுகிறதா என்று தெரிந்துவிடும். நழுவிய மூட்டைப் பொருத்துவதற்கு முன்னும் பின்னும் இதைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும்.

தோளில் போடும் தடுப்பூசிக்கும் இந்த நரம்பு தெரிந்திருக்க வேண்டும். அக்ரோமியனுக்குக் கீழே இரண்டு முதல் மூன்று விரற்கடை, தசை தடித்திருக்கும் நடுப்பகுதி, 90 டிகிரியில் ஊசி. அதைவிட மேலே போனால் மூட்டுக்கு மேலுள்ள திரவப் பைக்குள் மருந்து இறங்கி, மாதக்கணக்கில் தோள்வலி நீடிக்கலாம். பின்னாலும் கீழேயும் போனால் நரம்பு. சட்டைக் கழுத்தை இழுத்து இறக்கிவிட்டுப் போடும் ஊசிதான் அதிகம் மேலே ஏறிவிடுகிறது. கையைச் சட்டையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

ரேடியல் நரம்பு, பிரேக்கியல் தமனியின் கிளையான ஆழ்ந்த பிரேக்கியல் தமனியோடு சேர்ந்து மேற்கை எலும்பின் பின்புறம் சாய்வாக இறங்கி, வெளிப்பக்க முண்டுக்குச் சுமார் 10 செ.மீ. மேலே முன்பக்கம் வருகிறது. எலும்புத் தண்டு நடுவில் முறிந்தால் மணிக்கட்டு தொங்கிவிடும். நாற்காலிக் கைப்பிடியில் மேற்கையைத் தொங்கவிட்டு அயர்ந்து தூங்கி எழுந்தாலும் இப்படி ஆவதுண்டு. இங்கே இரண்டு ஏமாற்றங்கள் காத்திருக்கின்றன. முழங்கையை நீட்ட முடிகிறதே என்று ரேடியல் நரம்பு நலம் என எழுதிவிடாதீர்கள். ட்ரைசெப்ஸுக்குப் போகும் கிளைகள் அதற்கு மேலேயே பிரிந்துவிடுகின்றன. விரல் நுனி மூட்டுகள் நீளுகின்றனவே என்றும் ஏமாற வேண்டாம்; அது உள்ளங்கைச் சிறு தசைகளின் வேலை. மணிக்கட்டும் விரல்களின் அடிமூட்டும் நிமிர்கின்றனவா என்பதுதான் கேள்வி. தோல் உணர்ச்சிக்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே, புறங்கைப் பக்கம் தொடுங்கள்.

அல்நர் நரம்பை உட்பக்க முண்டின் பின்னால் விரலால் உருட்டியே உணரலாம். சோதனை, விரல்களை அகல விரிக்கச் சொல்வது. மணிக்கட்டு தொங்கும் கையில் இது பொய்யாகப் பலவீனமாகத் தெரியும், ஆகவே உள்ளங்கையை மேசையில் தட்டையாக வைத்துச் செய்யுங்கள். மீடியன் நரம்புக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளை வளையமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்த குழந்தைகளில் இந்த வளையம் தட்டையாகிப் போகலாம். தோலுணர்ச்சி கெடாததால் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். பைசெப்ஸை இயக்கும் மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு அரிதாகத்தான் தனியாக அடிபடும். பைசெப்ஸ் பலத்தையும் முன்கையின் வெளிப்பக்கத் தோலுணர்ச்சியையும் பார்த்தால் போதும்.

அடிபட்ட கையில் நாடி, விரல் நுனியை அழுத்தி விட்டதும் 2 வினாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, சூடு, அசைவு, உணர்ச்சி என்ற வரிசையில் பாருங்கள், நேரத்தோடு குறியுங்கள். கட்டு அல்லது மாவுக்கட்டு போட்டதும் திரும்பப் பாருங்கள். மணிக்கட்டில் நாடி இருப்பதாலேயே மேலே தமனி முழுசாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. தோள்பட்டை எலும்பைச் சுற்றிக் கிளைத் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், அடைபட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு ரத்தம் கீழே வந்துசேரலாம்.

நிணநீர்க் கணுக்கள்

அக்குளில் சுமார் 20 முதல் 30 கணுக்கள், ஐந்து கூட்டமாக இருக்கின்றன. கை மட்டுமல்ல, மார்பகத்தின் பெரும்பகுதியும் தொப்புளுக்கு மேலுள்ள உடற்சுவரும் இங்கேதான் வடிகின்றன. ஆகவே கணு வீங்கியிருந்தால் கையை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

எதிரில் இருப்பவரின் இடது அக்குளை உங்கள் வலக்கையால் பாருங்கள். இடது முன்கையை உங்கள் இடது முன்கையின் மேல் சாய்த்துவிடச் சொல்லுங்கள். பாரம் முழுதும் உங்களிடம் வர வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கவைத்தால் அக்குளின் தரைத் தோல் மேளத்தோல் போல விறைத்துக்கொள்ளும், எதுவும் தட்டுப்படாது. விரல்களைக் குவித்து உச்சிவரை ஏற்றி, பிறகு கையை உடலோடு இறக்கவிட்டு, விலா எலும்புகளின் மேல் அழுத்தியபடியே கீழே வாருங்கள். இடையில் விரலுக்கடியில் நழுவுவதுதான் கணு. அடுத்து முன்மடிப்பின் உட்புறம், பின்மடிப்பின் முன்புறம், மேற்கை எலும்பின் உட்புறம். கடைசியில் காறை எலும்புக்கு மேலுள்ள குழி. கணுவின் அளவு, மென்மை அல்லது கடினம், வலி, அடியோடு ஒட்டியிருக்கிறதா என்ற நான்கையும் எழுத வேண்டும். வலியில்லாத, கெட்டியான, அசையாத கணு தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டியது.

சுண்டுவிரல் பக்கம் புண் இருந்தால் முழங்கையை 90 டிகிரி மடித்து, உட்பக்க முண்டுக்கு 3 முதல் 5 செ.மீ. மேலே உள்ள பள்ளத்திலும் தேடுங்கள்.

அக்குள் கணுக்களை அறுத்து எடுத்த பிறகு மேற்கையின் உட்பக்கத் தோல் மரத்துப் போவது பலருக்கு நேர்கிறது. அவ்வழியாக வரும் விலாவிடைக் கிளை நரம்பு வெட்டுப்படுவதால். சுவரில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றித் தள்ளும்போது தோள்பட்டை எலும்பு பின்னால் துருத்தினால், அந்த எலும்பை விலாவோடு பிடித்துவைக்கும் தசையை இயக்கும் லாங் தொராசிக் நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கிறது.

கை வீக்கத்தைக் கண்காணிக்க முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. மேலும் 10 செ.மீ. கீழும் குறித்து, இரு கைகளிலும் சுற்றளவு எடுங்கள். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. ஒரே இடத்தில் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் நிணநீர் வீக்கம் என்று சந்தேகிக்கலாம். பழக்கக் கை இயல்பிலேயே சற்றுப் பருமனாக இருக்கும் என்பதால், அறுவைக்கு முன்பே இரு கைகளையும் அளந்து கோப்பில் சேர்த்துவிடுங்கள்.