ரூம்மேட் மேல லவ் வந்துடுச்சா? மொதல்ல அட்வான்ஸ் கணக்க முடிங்க

நீங்களும் பையன், கூட தங்கியிருக்கிற பையன் மேலயே லவ் வந்துடுச்சு, சொல்லவும் முடியல மெல்லவும் முடியலன்னு இருக்கிறவங்களுக்கு தான் இது. நானும் அவனும் வேளச்சேரில ஒரு டபுள் பெட்ரூம் வீட்ல ரெண்டு வருஷம் வெறும் ரூம்மேட்ஸ், அதுக்கப்புறம் தான் ஜோடி, அதனால பட்டு தெரிஞ்சத சொல்றேன்.

அவனுக்கும் அந்த மாதிரி இருக்கான்னு தெரிஞ்சுக்கிறது தான் இதுல பெரிய தலைவலி. நம்ம ஊர்ல பசங்க தோள்ல கை போடுவான், மடில தலை வெச்சு படுப்பான், ஒரே பைக்ல இடுப்ப புடிச்சுட்டு வருவான், அதெல்லாம் ஒரு ஆதாரமே இல்ல, நான் அத நம்பி ஏற்கனவே ஒரு தடவ காலேஜ்ல மூக்கு உடைபட்டவன். பேச்சுல தான் தெரியும். சென்னைல 2009ல இருந்து ஜூன் மாசம் நம்மள மாதிரி ஆளுங்க நடத்துற பிரைடு பேரணி நடக்குது, 2018 செப்டம்பர் 6ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் 377 விஷயத்துல, மேஜரான ரெண்டு பேர் விருப்பப்பட்டு சேர்ந்தா அது ஆணும் ஆணுமா இருந்தாலும் குத்தம் இல்லன்னு தீர்ப்பு குடுத்துச்சு, இந்த மாதிரி ஏதாவது ஒன்ன சாப்பிடும்போது சும்மா எடுத்து விடுங்க. சிரிச்சு கிண்டல் பண்றானா, சட்டுனு பேச்ச மாத்துறானா, இல்ல சாப்பிடுறத நிறுத்திட்டு கேக்குறானான்னு பாருங்க. எங்காளு தட்டுல இருந்த அப்பளத்த பொடி பொடியா நொறுக்கிட்டே கேட்டான், கடைசி வரைக்கும் சாப்பிடல. அதுவும் ஒரு குறிப்பு தானே தவிர பதில் இல்ல. அவன் போன எடுத்து நோண்டுறது, அவன் ஃப்ரெண்ட்ஸ் கிட்ட போய் விசாரிக்கிறது, இது ரெண்டும் மட்டும் வேணவே வேணாம், அவனே யார்கிட்டயும் சொல்லாத விஷயத்த நீங்க ஊருக்கு சொன்ன மாதிரி ஆயிடும்.

அடுத்தது சொல்றது. சொல்றதுக்கு முன்னாடி வீட்டு கணக்க சரி பண்ணிடுங்க, சிரிக்காதீங்க, சீரியஸா தான் சொல்றேன். அட்வான்ஸ்ல யார் பணம் எவ்வளவு, அக்ரிமென்ட் யார் பேர்ல, கேஸ் கனெக்‌ஷன் யாரோடது, அவன் உங்களுக்கு எவ்வளவு தரணும், எல்லாத்தையும் ரெண்டு பேரும் பாக்குற மாதிரி எழுதி வெச்சிடுங்க. ஏன்னா வீடே உங்க பேர்ல இருந்து, அவன் ரெண்டு மாச வாடக பாக்கி வேற வெச்சிருந்தா, நீங்க லவ்வ சொன்னா அவன் எப்படி தைரியமா இல்லன்னு சொல்லுவான்? அவன் இல்லன்னு சொல்லிட்டு நிம்மதியா தூங்குற நிலைமைல இருக்கணும், அப்போ தான் அவன் சொல்ற ஆமாவுக்கும் மதிப்பு.

நான் இத கோட்ட விட்டேன். ராத்திரி பதினொன்றரைக்கு கரண்ட் போன நேரம் பாத்து ரூம்லயே சொல்லிட்டேன். அவன் ஒன்னும் பேசல, தலகாணிய எடுத்துட்டு மொட்ட மாடிக்கு போயிட்டான், கொசுக்கடில நாலு மணி வரைக்கும் அங்கயே. பதில் ஆமான்னு தான் வந்துச்சு, ஆனா அதுக்கு பத்து நாள் ஆச்சு, பின்னாடி ஒரு நாள் சொன்னான், "எனக்கு புடிக்கலன்னா கூட அந்த நேரத்துல எங்கடா போறது, யோசிச்சியா நீ?" இன்னி வரைக்கும் அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அதனால வெளிய வெச்சு சொல்லுங்க, பெசன்ட் நகர் பீச் மாதிரி, ரெண்டு பேரும் தனித்தனியா கெளம்பி வர்ற மாதிரி, மறுநாள் லீவா இருந்தா இன்னும் நல்லது. இல்லன்னு சொல்லிட்டான்னா, வீட்ட மாத்தணும்னா மாறப்போறது நீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க.

ஆமான்னு சொல்லிட்டா ஒரே வாரத்துல கட்டில ஒன்னா போடாதீங்க. முன்னாடி "பாத்திரம் யாருடா கழுவுவா"ன்னு கத்தினா அது பாத்திர சண்ட மட்டும் தான், இப்போ அதே சண்ட "உனக்கு என் மேல அக்கறையே இல்ல"ன்னு போய் முடியும். தண்ணி கேன், கரண்ட் பில் எல்லாம் பழையபடி பாதி பாதியே இருக்கட்டும். கோவிச்சுக்கிட்டா போய் கதவ சாத்திக்க ஒரு ரூம் வேணும்.

வீட்ல இருந்து ஆள் வரும்போது தான் கூத்து. அவங்க அம்மா திருச்சில இருந்து வந்தப்ப எல்லாத்தையும் ஒழுங்கா பிரிச்சு வெச்சோம், ஆனா ரெண்டாவது கட்டில்ல கைய வெச்சு பாத்துட்டு, "ஏம்ப்பா, இதுல யாரும் படுக்குறதே இல்லயா, இவ்ளோ தூசியா இருக்கு?"ன்னாங்க. வெயிலுக்கு தரைல படுக்குறோம் ஆன்ட்டின்னு சமாளிச்சேன். யார் வீட்ல எப்போ சொல்லணும்கிறது அவங்கவங்க முடிவு, நீங்க அவசரப்படுத்தாதீங்க.

வீட்ல தெரிஞ்சு ஆள காணோம்னு போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுத்தா பயப்படாதீங்க. 2021 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதுக்குன்னே உத்தரவு போட்டிருக்காரு, ரெண்டு பேரும் மேஜர், விருப்பப்பட்டு தான் இருக்காங்கன்னு வாக்குமூலம் வாங்கிட்டு கம்ப்ளைன்ட்ட முடிச்சிடணும், தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு. கல்யாணம் பண்ணிக்க சட்டத்துல வழி இல்ல, 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கல. ஆனா ஜாயின்ட் அக்கவுன்ட் ஓபன் பண்ணலாம், ஒருத்தருக்கு ஒருத்தர் நாமினி போடலாம், 2024 ஆகஸ்ட்ல மத்திய நிதி அமைச்சகமே தெளிவா சொல்லிடுச்சு.

வாடக அக்ரிமென்ட்லயும் ரெண்டு பேர் பேரும் கண்டிப்பா இருக்கணும். போன தடவ ரினியூ பண்றப்ப ஹவுஸ் ஓனர் மாமா, "நாளைக்கு கல்யாணம் ஆச்சுன்னா உங்கள்ல யாருப்பா காலி பண்ணுவீங்க?"ன்னு கேட்டாரு. "ஆச்சுன்னா ரெண்டு பேரும் ஒன்னாவே காலி பண்ணிக்கிறோம் சார்"னு இவன் மூஞ்சிய அசைக்காம சொன்னான். அவரும் சரி சரின்னு தலையாட்டி, வாடகைல ஐநூறு ரூபா ஏத்திட்டு கையெழுத்து போட்டாரு.