டர்பனின் உச்சிவானைக் கொண்டு பிரபஞ்சப் பேரமைப்பை அளப்பது எப்படி: தொடக்கநிலைச் செய்முறை

விண்மீன் திரள்கள் பிரபஞ்சத்தில் சீராகப் பரவியிருக்கவில்லை. அவை கொத்துகளாகவும் இழைகளாகவும் சுவர்களாகவும் கூடியிருக்க, இடையிடையே பத்துக் கோடி ஒளியாண்டு அளவிலான வெற்றிடங்கள் கிடக்கின்றன. வானியல் நூல்கள் எல்லாம் கூறும் இந்தச் செய்தியை, பொதுவில் கிடைக்கும் தரவையும் ஒரு சாதாரண மடிக்கணினியையும் வைத்து நாமே அளந்து பார்க்க முடியும். நான் செய்து முடித்த வரிசையிலேயே அதை இங்கு விளக்குகிறேன். பைத்தான் ஓரளவு தெரியும், நம்பை, சைபை, ஆஸ்ட்ரோபை ஆகிய தொகுப்புகளை நிறுவிக்கொள்ளத் தெரியும் என்ற அளவிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: எந்தத் தரவு?

இணையத்தில் உள்ள பயிற்சிகளில் பெரும்பாலானவை ஸ்லோன் (SDSS) வான ஆய்வின் தரவைப் பயன்படுத்துகின்றன. அது சிறந்த தரவு என்பதில் ஐயமில்லை. ஆனால் நியூ மெக்சிகோவிலிருந்து எடுக்கப்பட்டதால் அதன் பெரும்பகுதி வடவானத்தைச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்கள் 'டூடிஎஃப்' விண்மீன் திரள் ஆய்வின் தென்பட்டையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் உள்ள 3.9 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 1997 முதல் 2002 வரை நடந்த அந்த ஆய்வு 2,45,591 பொருள்களின் நிறமாலையைப் பதிவுசெய்து, அவற்றுள் 2,21,414 விண்மீன் திரள்களுக்கு நம்பகமான செம்பெயர்ச்சியை (பிரபஞ்ச விரிவால் ஒளி சிவப்பை நோக்கி நகர்ந்த அளவை) தந்தது.

தென்பட்டையின் நடுவரை விலக்கம் (வானில் அகலாங்கைப் போன்ற அளவு) −22.5 பாகையிலிருந்து −37.5 பாகை வரை. டர்பனின் அகலாங்கோ தெற்கே ஏறத்தாழ 29.9 பாகை. அதாவது அந்தப் பட்டை அப்படியே நம் தலைக்கு மேலே கடந்து செல்கிறது. அக்டோபர் நடுவில் இரவு ஒன்பதரை மணியளவில் டர்பன் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வீட்டு முற்றத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால், உச்சியை ஒட்டித் தனியாக ஒளிரும் ஃபொமல்ஹாட் விண்மீன் தெரியும். அது 25 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதே திசையில், அதைத் தாண்டி நூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் வரை உள்ள திரள்களைத்தான் நாம் அளக்கப் போகிறோம்.

தரவை ஸ்ட்ராஸ்பூர்க் வானியல் தரவு மையத்தின் விசியர் தளத்திலிருந்து பெறலாம். உலாவியில் இறக்குவதைவிட டாப்கேட் என்ற இலவசச் செயலிக்குள்ளிருந்தே பட்டியலை வரவழைப்பதை நான் விரும்புகிறேன். நெடுவரிசைகளைத் திறந்த உடனே வரைந்து பார்த்துச் சரிபார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. செம்பெயர்ச்சி எவ்வளவு நம்பகமானது என்பதைக் காட்டும் தர எண் 3 அல்லது அதற்கு மேல் உள்ள வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செம்பெயர்ச்சியில் 0.02 முதல் 0.1 வரை போதும். பட்டையின் ஓரங்கள் ஒழுங்கற்றவை என்பதால் −25 முதல் −35 பாகை வரையிலான உட்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்; வல ஏற்றத்தில் (வானில் நெட்டாங்கைப் போன்ற, மணிக்கணக்கில் குறிக்கப்படும் அளவு) 22 மணியிலிருந்து 3 மணி வரை எடுங்கள்.

இரண்டாம் படி: செம்பெயர்ச்சியைத் தொலைவாக்குதல்

ஒளியின் வேகத்தைச் செம்பெயர்ச்சியால் பெருக்கி ஹபிள் மாறிலியால் வகுத்தால் தோராயமான தொலைவு கிடைக்கும். பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் குறிக்கும் அந்த மாறிலியை ஒரு மெகாபார்செக்குக்கு வினாடிக்கு 70 கிலோமீட்டர் என்று கொண்டால், 0.1 செம்பெயர்ச்சிக்கு இந்த எளிய முறை 428 மெகாபார்செக் தருகிறது. விரிவாக்கத்தின் வரலாற்றைக் கணக்கில் கொள்ளும் முழுமையான முறை ஏறத்தாழ 418 தருகிறது. ஒரு மெகாபார்செக் என்பது 32.6 லட்சம் ஒளியாண்டு. வேறுபாடு சிறியதுதான் என்றாலும் ஆஸ்ட்ரோபையின் சமதளப் பிரபஞ்ச மாதிரியில் பொருளடர்த்தியை 0.3 என்று கொடுத்தால் ஒரே வரியில் சரியான விடை வந்துவிடுகிறது. எளிய சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

மூன்றாம் படி: வரைபடம்

தொலைவையும் வல ஏற்றத்தையும் கொண்டு விசிறி வடிவில் புள்ளிகளை இடுங்கள். சுவர்களும் வெற்றிடங்களும் உடனே தெரியும். இரண்டு செய்திகளை மட்டும் இங்கே கவனிக்க வேண்டும்.

ஒன்று, தொலைவு கூடக்கூடப் புள்ளிகள் அருகிப்போவது பிரபஞ்சத்தின் அமைப்பு அன்று. மங்கலான திரள்கள் தொலைவில் நமக்குத் தெரியாமல் போவதன் விளைவு. மற்றொன்று, சில கொத்துகள் நம்மை நோக்கி நீண்ட கோடுகளாகத் தெரியும். இவற்றைக் 'கடவுளின் விரல்கள்' என்பார்கள். கொத்துக்குள் திரள்கள் வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் ஓடுவதால் அந்த வேகமும் செம்பெயர்ச்சியில் கலந்துவிடுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் வேகம் ஏறத்தாழ 14 மெகாபார்செக் தொலைவுப் பிழையாக மாறுகிறது. உண்மையில் உருண்டையாக இருக்கும் கொத்து படத்தில் விரலாக நீள்வது இதனால்தான்.

வரைபடத்தின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ரெனே கிரான்-கோர்ட்டேவெக் தலைமையிலான குழு, கரூவில் சதர்லாந்தில் உள்ள சால்ட் தொலைநோக்கியையும் ஆஸ்திரேலியத் தொலைநோக்கியையும் பயன்படுத்தி, நம் பால்வழியின் தூசுக்குப் பின்னால் மறைந்திருந்த வேலா பெருங்கொத்தை 2016இல் அறிவித்தபோது, அடிப்படையில் செய்தது இதே வேலைதான்: செம்பெயர்ச்சிகளைத் திரட்டி, அவை எங்கே குவிகின்றன என்று பார்த்தார்கள். அந்தப் பெருங்கொத்து ஏறத்தாழ 80 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது.

நான்காம் படி: நேர்மையான மாதிரி

தொலைவால் வரும் அருகலை நீக்க, எல்லாத் தொலைவிலும் தெரியக்கூடிய அளவுக்கு ஒளிமிக்க திரள்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆய்வின் ஒளிர்வெண் எல்லை 19.45 (எண் குறையக் குறைய ஒளி மிகுதி). எல்லை இடத்துக்கு இடம் சற்று மாறுவதாலும், செம்பெயர்ச்சியால் நிறமாலை நகர்வதற்கு இடம் விட வேண்டியிருப்பதாலும், தனி ஒளிர்வெண் (தொலைவின் விளைவை நீக்கிய உண்மை ஒளிர்வு) −19.5ஐ விட ஒளிமிக்கவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். பாதிக்கு மேற்பட்ட தரவை இழப்பதுபோல் தோன்றினாலும் தயங்க வேண்டாம். அடுத்த படி இதனால் மிகவும் எளிதாகிறது.

ஐந்தாம் படி: சமவாய்ப்புப் பட்டியல்

இந்தச் செய்முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான விளக்கங்கள் இதை ஒரு வரியில் தாண்டிச் செல்கின்றன. என்னை மிகுதியாகத் தடுத்து நிறுத்தியதும் இதுவே.

'திரள்கள் கூடியிருக்கின்றன' என்றால் எதை விடக் கூடியிருக்கின்றன? அமைப்பே இல்லாத ஒரு பிரபஞ்சத்தை, அதே தொலைநோக்கி, அதே எல்லைகளுக்குள், அதே தேர்வு விதிகளோடு பார்த்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதோடு ஒப்பிட வேண்டும். அந்தக் கற்பனைப் பிரபஞ்சம்தான் சமவாய்ப்புப் பட்டியல். அதில் உள்ள ஒவ்வொரு குறையும் நம் விடையில் பொய்யான அமைப்பாக வந்து நிற்கும்.

வல ஏற்றத்தைச் சமவாய்ப்பாக எடுப்பதில் சிக்கலில்லை. நடுவரை விலக்கத்தை அப்படி எடுக்கக் கூடாது. வானக்கோளத்தில் துருவத்தை நோக்கிப் போகப்போக ஒவ்வொரு பாகைப் பட்டையின் பரப்பும் சுருங்குகிறது. −35 பாகையில் உள்ள பட்டை −25 பாகையில் உள்ளதைவிடச் சுமார் பத்து சதவீதம் சிறியது. பாகையைச் சீராக எடுத்தால் தெற்கு ஓரத்தில் பத்து சதவீதம் மிகையான புள்ளிகள் விழும். ஆகவே அதன் சைன் மதிப்பைச் சீராக எடுக்க வேண்டும்: −0.5736க்கும் −0.4226க்கும் இடையில் சமவாய்ப்பு எண்களை உருவாக்கி, பின்னர் கோணமாக மாற்றுங்கள். தொலைவிலும் இதே கருத்துதான். கன அளவு தொலைவின் மும்மடியாக வளர்வதால், தொலைவின் மும்மடியைச் சீராக எடுத்துப் பிறகு கனமூலம் காண வேண்டும். நான்காம் படியில் ஒளிமிக்க திரள்களை மட்டும் எடுத்ததன் பயன் இதுவே.

உண்மைத் திரள்களின் தொலைவுகளையே கலைத்துப்போட்டுச் சமவாய்ப்புப் பட்டியலுக்குக் கொடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. இந்த மாதிரிக்கு அதை நான் ஏற்கவில்லை. திரள்கள் மிகுந்த ஒரு சுவர் 300 மெகாபார்செக்கில் இருந்தால், சமவாய்ப்புப் பட்டியலிலும் அதே தொலைவில் புள்ளிகள் மிகும். அளக்க வந்த அமைப்பையே கழித்துவிடுகிறோம்.

புள்ளிகளின் எண்ணிக்கை திரள்களைப் போல் குறைந்தது பத்து மடங்காவது இருக்கட்டும். பிறகு, வேறு விதை எண்ணோடு (சமவாய்ப்பு எண்களை உருவாக்கத் தொடங்கும் எண்) இரண்டாவது சமவாய்ப்புப் பட்டியல் ஒன்றை உருவாக்கி, அதையே தரவாகக் கொண்டு அடுத்த படியை ஒருமுறை ஓட்டுங்கள். விடை எல்லாத் தொலைவிலும் சுழியை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையெனில் இணை எண்ணும் நிரலில் பிழை இருக்கிறது. அதைத் திருத்தும் வரை உண்மைத் தரவைத் தொடாதீர்கள்.

ஆறாம் படி: இணைகளை எண்ணுதல்

லாண்டியும் சலாயும் 1993இல் தந்த மதிப்பீட்டு முறையையே பயன்படுத்துங்கள். திரள்–திரள் இணைகள், திரள்–சமவாய்ப்பு இணைகள், சமவாய்ப்பு–சமவாய்ப்பு இணைகள் என மூன்றையும் ஒவ்வொரு தொலைவு இடைவெளிக்கும் எண்ணுங்கள். ஒவ்வோர் எண்ணையும் மொத்த இணைகளால் வகுத்த பின், முதலாவதிலிருந்து இரண்டாவதன் இருமடங்கைக் கழித்து மூன்றாவதைக் கூட்டி, அந்தத் தொகையை மூன்றாவதால் வகுத்தால் ஒட்டுறவுச் சார்பு (correlation function) கிடைக்கும்.

சைபையின் கேடி மரம் (அருகிலுள்ள புள்ளிகளை விரைந்து தேடும் தரவமைப்பு) இந்த எண்ணிக்கையை விரைவாகச் செய்யும். ஒரு பட்டியலை அதனோடேயே ஒப்பிடும்போது அது ஒவ்வோர் இணையையும் இரண்டு முறை எண்ணுகிறது. ஒவ்வொரு புள்ளியையும் தனக்குத்தானே இணையாகவும் சேர்க்கிறது. ஒவ்வொரு தொலைவு வரையிலுமான கூட்டு எண்ணிக்கைகளின் வேறுபாட்டை எடுக்கும்போது பின்னது தானாகவே நீங்கிவிடும். முன்னதற்காக, புள்ளிகளின் எண்ணிக்கையை அதில் ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி, அதை இரண்டால் வகுக்காமல் அப்படியே வகுஎண்ணாகக் கொள்ளுங்கள்.

சமவாய்ப்பு இணைகளை எண்ண நேரமாகும். ஒவ்வொரு எண்ணிக்கையும் முடிந்தவுடன் கோப்பில் சேமித்துவிடுங்கள். மின்வெட்டு அட்டவணைக்குப் பழகிய நமக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஏறத்தாழ 10 மெகாபார்செக்கைச் சுற்றி மதிப்பு ஒன்றாக இருந்தால் உங்கள் அளவீடு சரியான பாதையில் இருக்கிறது. அதாவது, ஒரு திரளிலிருந்து அந்தத் தொலைவில் மற்றொரு திரளைக் காணும் வாய்ப்பு சீரான பரவலில் இருப்பதைப்போல் இருமடங்கு. பட்டையை இருபது துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக விட்டுவிட்டு மீண்டும் கணக்கிட்டுப் பிழைவரம்பைப் பெறுங்கள்.

ஏழாம் படி: கோட்பாட்டோடு ஒப்பிடுதல்

பிரபஞ்சத்தின் தொடக்கக் காலத்திலிருந்து வரும் நுண்ணலைப் பின்னணியில் லட்சத்தில் ஒரு பங்கு அளவில் காணப்படும் ஏற்றத்தாழ்வுகள், ஈர்ப்பினால் வளர்ந்து இன்றைய அமைப்பாயின என்பது கோட்பாடு. இருண்ட பொருளையும் சேர்த்து, மொத்தப் பொருளுக்கான ஒட்டுறவுச் சார்பைக் கொலோசஸ் என்ற பைத்தான் தொகுப்பு ஒரு வரியில் தந்துவிடும். தொடக்கநிலையாளர்களுக்கு மற்ற பெரிய நிரல்களைவிட இதுவே ஏற்றது.

உங்கள் வளைவும் கோட்பாட்டு வளைவும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது, பொருந்தவும் கூடாது. திரள்கள் பொருளடர்த்தி மிகுந்த இடங்களில் பிறப்பதால் அவற்றின் கூட்டம் பொருளின் கூட்டத்திலிருந்து ஒரு சார்புக் காரணியால் (bias) வேறுபடும். அதோடு, அடர்ந்த பகுதிகளை நோக்கித் திரள்கள் விழுந்துகொண்டிருப்பதால் செம்பெயர்ச்சி வரைபடம் பார்வைக் கோட்டின் திசையில் நசுங்குகிறது. கைசர் 1987இல் விளக்கிய விளைவு இது. டூடிஎஃப் குழு 2001இல் இதே தரவிலிருந்து இந்த நசுங்கலை 0.43 என்று அளந்தது. அந்த மதிப்பைக் கொண்டால் ஒட்டுறவுச் சார்பு சுமார் 1.3 மடங்கு உயரும். உங்கள் வளைவை அந்த எண்ணால் வகுத்து, 15 முதல் 30 மெகாபார்செக் வரை கோட்பாட்டோடு ஒப்பிட்டால், எஞ்சும் விகிதத்தின் வர்க்கமூலம் சார்புக் காரணியாகும்.

இளம் பிரபஞ்சத்தின் ஒலியலைகள் ஏறத்தாழ 150 மெகாபார்செக்கில் விட்டுச்சென்ற தடத்தை இந்தச் சிறிய மாதிரியில் தேட வேண்டாம். 2005இல் அதைக் கண்டறிய ஸ்லோன் குழுவுக்கு 46,748 ஒளிமிக்க சிவப்புத் திரள்கள் பரவியிருந்த மிகப்பெரிய கன அளவு தேவைப்பட்டது. அங்கே உங்கள் வளைவில் ஒரு மேடு தெரிந்தால் அது பிழைவரம்புக்குள் இருக்கும் அலைவே.

பின்சேர்க்கை: வாசகர்கள் எழுப்பிய சிக்கல்கள்

மொரீசியஸிலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்தும் எழுதியவர்கள் சுட்டிய மூன்று இடங்களைச் சேர்க்கிறேன். விசியர் தளத்தில் நேரடியாக இறக்கினால் முன்னிருப்பாக 50 வரிகள் மட்டுமே வரும். வரம்பை நீக்கிவிட்டு இறக்குங்கள். இந்தப் பட்டை வல ஏற்றத்தின் சுழியைத் தாண்டிச் செல்வதால், '22 மணிக்கு மேல், 3 மணிக்குக் கீழ்' என்ற இரு நிபந்தனைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு வரிகூடக் கிடைக்காது. மணியைப் பதினைந்தால் பெருக்கிப் பாகையாக்கி, 180க்கு மேற்பட்டவற்றிலிருந்து 360ஐக் கழித்தால் −30 முதல் 45 வரை தொடர்ச்சியான எல்லை அமையும். கொலோசஸ் தொலைவுகளை ஹபிள் மாறிலியின் நூற்றில் ஒரு பங்கால் பெருக்கிய அலகில் எதிர்பார்க்கிறது. உங்கள் மெகாபார்செக் மதிப்புகளை 0.7ஆல் பெருக்கிக் கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் சார்புக் காரணி மிகையாக வரும்.

பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி ஆய்வு விட்டுவைத்த துளைகளைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். முதல் முயற்சிக்கு அவற்றைப் புறக்கணிக்கலாம். முறையாகச் செய்ய விரும்பினால், ஒவ்வொரு திசையிலும் ஆய்வு எவ்வளவு முழுமையானது என்பதைத் தரும் மறைப்பு வரைபடத்தை டூடிஎஃப் குழு வெளியிட்டிருக்கிறது. சமவாய்ப்புப் புள்ளி ஒவ்வொன்றையும் அந்தத் திசையின் முழுமை எவ்வளவோ அந்த வாய்ப்போடு மட்டும் வைத்துக்கொண்டு, ஐந்தாம் படியிலிருந்து மீண்டும் ஓட்டுங்கள்.