களித் துடுப்பும் பரிசல் துடுப்பும்

எங்கள் வீட்டில் இரண்டு துடுப்பு உண்டு. ஒன்று அடுப்படியில், களி கிண்ட. இன்னொன்று திண்ணையில், பரிசல் தள்ள. முதல் துடுப்பைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டாவது சீக்கிரம் வந்துவிடும் என்பது என் அனுபவம். அம்மா ஒரே காலையில் கற்றுக்கொண்டார். சென்னையில் ஜிம்முக்குப் போகும் என் அத்தை மகனுக்கு மூன்று பொங்கல் ஆனது.

வீடு காவேரிப்பாக்கம் ஏரிக்கரைக்குக் கீழே. நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பரிசல் பின்னுகிறார். தம்பி அதை மீன்பிடி ஏலம் எடுத்தவர்களின் ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறான். நான் ஆறு நாள் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பரிசலுக்கு மேலுறை தைக்கிறேன். தாத்தா காலத்தில் பரிசலுக்கும் மாட்டுத்தோல்தான் போர்த்தினார்களாம். இப்போது உரமூட்டைச் சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, மேலே தார். தோல் ஊரில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் சாக்கு தைக்கிறேன், என்ன செய்வது.

ஏரி நிரம்பினால்தான் எங்களுக்குப் பிழைப்பு. பல்லவர் காலத்து ஏரி இது. முழுக் கொள்ளளவில் 30 அடிக்கு மேல் தண்ணீர் நிற்கும். பாலாற்றில் வாலாஜா பக்கம் 1858-ல் கட்டிய அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வரவேண்டும். வராத வருடங்களில் பரிசல் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கும், கோழி அடியில் முட்டையிடும். 2021 நவம்பரில் பாலாறு புரண்டு வந்தபோது வேறு கதை. கழனியில் அறுத்துப் போட்ட நெற்கட்டு மிதக்கிறது என்று ஆள் மேல் ஆள் வந்து பரிசல் கேட்டார்கள். தம்பி இரண்டு நாள் நெற்கட்டுதான் ஏற்றினான். அதற்கு வாடகை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அடுத்த வருஷம் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் தலைகாட்ட முடியாது.

பொங்கல் வந்தால் சொந்தபந்தம் எல்லாம் “ஒரு ரவுண்டு கூட்டிப் போங்க” என்று வந்து நிற்கும். நாங்கள் சுற்றுலா நடத்துவதில்லை. போட்டிங் வேண்டுமென்றால் ஏலகிரியில் புங்கனூர் ஏரி இருக்கிறது, டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்காரலாம். வீட்டு ஆட்களுக்கு மட்டும், ஏலக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இறங்குவோம். நீங்கள் எந்த ஊர் ஏரியில் இறங்கினாலும் அதைச் செய்யுங்கள். அவர் வலை கட்டியிருப்பார். தங்கூசி வலை, அதாவது நைலான் நரம்பு வலை, தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. துடுப்பில் சிக்கினால் வலையும் போகும், உறவும் போகும்.

சரி, பரிசலுக்கு வருவோம். முதலில் அதன் அடிப்பக்கம் வெயிலைப் பார்க்க, விளிம்பில் நிமிர்த்தி நிறுத்துங்கள். குழிவான பக்கத்துக்குள் தலையை விட்டு, ஒரு துண்டைப் போட்டு ஓரத்து வெளிச்சத்தை மறைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருட்டாக இருக்கவேண்டும். எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. வெளிப்பக்கம் சாக்குக்கட்டியால் குறி போட்டு, சாக்குத் துண்டை வைத்துத் தார் பூசவேண்டும். தார் காய ஒரு நாள் முழு வெயில் வேண்டும். அன்றைக்கே போகவேண்டுமென்றால் போகாதீர்கள், அவ்வளவுதான். அடுத்தது மூங்கில். பிளாச்சுகள், அதாவது பிளந்த மூங்கில் பட்டைகள், குறுக்கும் நெடுக்கும் ஓடி அறுகோணக் கண்ணாக இருக்கும். அடிப்பாகத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நொறுங்கும் சத்தம் வந்தால் வண்டு குடைந்திருக்கிறது. மூங்கில் மாவு உதிர்ந்திருக்கும்.

நைனா பின்னுவதை ஒரு தரம் பார்த்தால் எங்கே அழுத்திப் பார்க்கவேண்டும் என்று புரிந்துவிடும். தரையில் பிளாச்சுகளைப் பரப்பிப் பின்னிக்கொண்டே போவார். நடுவில் ஒரு முழ அகலம் பின்னல் நெருங்கியதும் அதன் மேல் நாலைந்து கருங்கல்லைத் தூக்கி வைப்பார். கல் அடியை அழுத்தும், ஓரத்துப் பிளாச்சுகள் தானாக எழும்பும். அவற்றை வளைத்துக் கட்டிக்கொண்டு வருவார். எழும்பாத பிளாச்சை இழுத்து வளைக்க மாட்டார், எடுத்துப் போட்டுவிடுவார். “முறுக்கிக்கிட்டு இருக்கிறது தண்ணிலதான் உடையும்” என்பார். கடைசியில் விளிம்பை மூன்று நான்கு பட்டையாக முறுக்கிப் பின்னுவார். அதைப் பிடித்துத்தான் தூக்குகிறோம், மேலுறையும் அதில்தான் கட்டப்படுகிறது. அடியும் வளைவும் சேரும் இடம்தான் முதலில் சாகும். அங்கே அழுத்திப் பாருங்கள்.

ஏறுவதில்தான் பாதிப் பேர் நனைகிறார்கள். விளிம்பில் கால் வைக்கவே கூடாது. ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று விளிம்பைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் நேராக நடுவில் கால் வைத்து உடனே உட்கார்ந்துவிடுங்கள். அடுத்தவர் எதிர்ப்பக்கம். எடை சமமாக இருக்கவேண்டும், வயது பார்த்து உட்கார வைக்கக்கூடாது. எங்கள் பெரியம்மா கனமானவர். அவருக்கு எதிரே துடுப்புக்காரரோடு ஒரு பிள்ளையையும் சேர்த்து உட்கார வைத்ததில் ஒரு வருஷம் மனஸ்தாபம். எங்கள் ஆறடிப் பரிசலில் துடுப்புக்காரரோடு மூன்று பேர், அதற்கு மேல் ஒரு கைக்குழந்தைகூட இல்லை. சேலையோடு ஏறாதீர்கள், சுடிதார் போடுங்கள். தண்ணீரில் விழுந்தால் சேலை காலைச் சுற்றும். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்து. “நான் ஏரியிலேயே பொறந்தவன்” என்று சொல்லும் சித்தப்பாவுக்கு முதலில் மாட்டிவிடுங்கள்.

இப்போது துடுப்பு. பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. அடியில் முதுகெலும்பு மாதிரி எதுவும் இல்லாததால் எந்தப் பக்கம் தள்ளினாலும் சுற்றத்தான் பார்க்கும். படகு ஓட்டுகிற மாதிரி பக்கவாட்டில் துடுப்புப் போட்டால் உட்கார்ந்த இடத்திலேயே ரங்கராட்டினம். அத்தை மகன் மூன்று பொங்கலும் அதைத்தான் செய்தான்.

போகவேண்டிய பக்கத்தைப் பார்த்து விளிம்பை ஒட்டி மண்டியிடுங்கள். துடுப்பை உங்களுக்கு நேர் முன்னே, கை எட்டுகிற தூரத்தில் தண்ணீரில் இறக்குங்கள். பட்டையான பக்கம் உங்களைப் பார்க்கவேண்டும். அப்படியே உங்களை நோக்கி இழுங்கள். தண்ணீரை இழுக்கும்போது பரிசல் முன்னே போகும். அடுத்த இழுப்பு ஒரு கை அகலம் இடப்பக்கம், அதற்கடுத்தது வலப்பக்கம். கொஞ்ச நேரத்தில் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே எட்டு போடுகிற மாதிரி அது தானாக ஓடும். களி கிண்டும்போது சட்டியின் அடியிலிருந்து வாரி இழுப்போமே, அதே இழுப்புதான். மேல்கை அழுத்தும், கீழ்க்கை வாரும். தோளால் இழுத்தால் பத்து நிமிடத்தில் வலிக்கும், இடுப்பைக் கொடுத்து இழுங்கள். தண்ணீர் இடுப்பளவுக்குக் கீழே இருந்தால் துடுப்பை வைத்துவிட்டு மூங்கில் கழியால் ஊன்றித் தள்ளுவது லேசு.

காற்றை மதிக்கவேண்டும். பரிசல் காற்றுக்குப் பிடித்த குடை மாதிரி. விடிந்ததும் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடுவோம். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து விடும். மாற்றிச் செய்த ஒரு தை மாதத்தில், எதிர்க்கரையில் இறங்கிப் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோரமாக நடந்து வந்தோம். பார்த்தவர்களுக்கெல்லாம் பெரிய ஆமை ஒன்று நாலு காலில் போவதாகத்தான் தெரிந்திருக்கும்.

மதகுப் பக்கம் போகாதீர்கள். மதகு திறந்திருந்தால் மேலே தண்ணீர் அமைதியாகத்தான் இருக்கும், அடியில் இழுக்கும். ஏரி நிரம்பிக் கோடி போகும் நாட்களில் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். அன்றைக்குக் கடைவாசலில், அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடத்தில், ஊரே நிற்கும், தேங்காய் உடைத்துப் பூ விடுவார்கள். கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு வந்துவிடவேண்டியதுதான். கோடைக்கு மண் எடுத்த பள்ளங்கள் எங்கே என்று ஏலக்காரரின் ஆட்களுக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கருவேல மரம். தண்ணீர் இல்லாத வருடங்களில் ஏரிக்குள் வளர்ந்துவிடும். ஏரி நிரம்பினால் நுனி மட்டும் வெளியே தெரியும், சில மரம் அதுவும் தெரியாது. நாரை உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பாருங்கள். தண்ணீரின் நடுவே நாரை நின்றால் அதன் காலுக்குக் கீழே கிளை இருக்கிறது என்று அர்த்தம். ஒரு காணும் பொங்கலுக்கு நாரையைப் படம் எடுக்கவேண்டும் என்று கூட வந்த பிள்ளை கேட்க, நானும் கிட்டே விட்டேன். சரக் என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் என் குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீள முள், அதைச் சுற்றி நீர் ஊறிக்கொண்டிருந்தது.

முள்ளைப் பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பு. கிளையிலிருந்து முள்ளை ஒடித்துவிட்டு, மெதுவாகப் பின்னால் இழுத்து வெளியே வாருங்கள். பிறகு துணி சோப்பு. எங்கள் பரிசலில் எப்போதும் அரைத் துண்டு சோப்பு ஒரு சுருக்குப் பையில் கட்டித் தொங்கும். வண்டியில் பெட்ரோல் டேங்க் ஒழுகினால் மெக்கானிக் சோப்பைத் தேய்த்து அனுப்புவாரே, அதே வேலை. சோப்பை நனைத்துப் பிசைந்து முள்ளைச் சுற்றி அப்பி, மேலே மடித்த துணியை வைத்து ஒருவர் குதிகாலால் அழுத்திக்கொண்டால் கரை சேரும் வரை தாங்கும். அன்றைக்கு அழுத்தியது பெரியம்மா. அந்த மனஸ்தாபம் அதோடு தீர்ந்தது.

அள்ளிக் கொட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா, குடிக்கத் தண்ணீர், பாலித்தீனில் கட்டிய செல்போன், இவை போதும். சாப்பாடு கரையில். மீன் எடுக்கும் நாளாக இருந்தால் ஆட்களிடமே ஜிலேபியோ கெண்டையோ எடைபோட்டு வாங்கி, அங்கேயே கழுவி மசாலா தடவிவிடுவோம். களி வீட்டிலிருந்து உருண்டையாக வரும்.

வீட்டுக்கு வந்ததும் பரிசலைக் கழுவி, நாலு செங்கல் மேல் கவிழ்த்து வையுங்கள். வெறும் தரையில் வைத்தால் கரையான் மூங்கிலைத் தின்றுவிடும். துடுப்பை வீட்டுக்குள் எடுத்துப் போங்கள். கரையில் மறந்துவிட்டால் மறுநாள் யார் வீட்டு அடுப்பிலாவது எரியும். எங்களுடையது இரண்டு அப்படிப் போயிருக்கிறது. ஒன்று எந்த வீட்டு அடுப்பு என்றுகூட அம்மாவுக்குத் தெரியும்.