சின்ன இன்ஜினியரிங் கன்சல்டன்சிக்குக் கணக்கு பார்ப்பதும் இலக்கு வைப்பதும்

வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ டிசைன் ஆபீஸ் வைத்திருப்பவரிடம் "இந்த வருஷம் எப்படி?" என்று கேட்டால், "முப்பது லட்சம் பில் போட்டோம்" என்பார். வந்து சேர்ந்தது எவ்வளவு என்று கேட்டால் டீ சொல்லிவிடுவார். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கணக்கு. ஒரு நோட்டோ எக்செல் ஷீட்டோ போதும்.

படி 1: மாசச் செலவு

சம்பளம், வாடகை, கரண்ட், சாஃப்ட்வேர் சந்தா, சைட் பெட்ரோல் எல்லாம் சேருங்கள். உங்கள் சம்பளத்தையும் எழுதணும். அதை விட்டுவிட்டால் சொந்தக் கூலியையே லாபம் என்று நினைத்துக்கொள்வீர்கள். நான்கு பேர் ஆபீஸுக்கு மாசம் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: மணிக்கணக்கு

நான்கு பேர், 25 நாள், எட்டு மணி நேரம்: மொத்தம் 800. இதில் காசாகிற வேலை, அதாவது பில் போட முடிகிற வேலை, 500 மணி என்றால், ஒரு மணிக்கு அடக்கம் 400 ரூபாய். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு ஷெட் டிசைனுக்கு 40,000 பேசுகிறீர்கள். 80 மணி வேலை, அடக்கம் 32,000, மிச்சம் 8,000. "தூணைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்று இரண்டு தடவை மாற்றச் சொல்லி 20 மணி கூடினால் அந்த 8,000 காலி. அதனால் கொட்டேஷனிலேயே எத்தனை திருத்தம் இலவசம் என்று எழுதிவிடுங்கள்.

படி 3: நிலுவை நாள்

பில் போட்ட பணம் கைக்கு வர சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் இது. எனக்கு லாபத்தைவிட இதுதான் முக்கியம். ஜிஎஸ்டி நீக்கி, வரவேண்டிய பாக்கியை வருஷ பில்லால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். 30 லட்சத்தில் 7.5 லட்சம் பாக்கி என்றால் 91 நாள். "என்ன அண்ணாச்சி, அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்" என்று பார்ட்டி சொல்லலாம். ஜிஎஸ்டி அப்படிச் சொல்லாது. மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் ஒரு லட்சம் பில்லுக்கு 18 சதவீதம், அதாவது 18,000 ரூபாயை அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கணக்கில் கட்டியாகணும், பார்ட்டி தராவிட்டாலும்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். குறு, சிறு நிறுவனமாகப் பதிந்தவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தரவேண்டும் என்று 2006-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. பில்லில் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். உறவு கெடாமல் நினைவூட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

படி 4: இலக்கு

"அடுத்த வருஷம் டபுள்" என்பது ஆசை. நிலுவையை 91-லிருந்து 61 நாளாக்குங்கள், சுமார் 2.5 லட்சம் கைக்கு வரும். அது ஒரு மாசச் செலவைவிட அதிகம், புது வேலை ஒன்றுகூடப் பிடிக்காமலே! அடுத்து, காசாகிற மணியை 500-லிருந்து 560 ஆக்குங்கள். அந்த ஷெட் வேலைபோல மணிக்கு 500 ரூபாய் (40,000-ஐ 80-ஆல் வகுத்தால்) வீதம் மாசம் 30,000 கூடும், செலவு கூடாது.

வருஷ இலக்கைப் பன்னிரண்டால் வகுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கயத்தாறு கரிசலில் மழை இறங்கினால் அஸ்திவாரம் நிற்கும். அஸ்திவாரம் நின்றால் அந்தக் கட்டத்துப் பில்லும் நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இலக்கைக் குறைத்து வையுங்கள். ஆபீஸில் உட்கார்ந்து செய்கிற டேபிள் வேலையை அந்த மாசங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

ஐந்தாவது ஆள்? காசாகிற மணி தொடர்ந்து மூன்று மாசம் 600-ஐத் தாண்டி, நிலுவையும் 60 நாளுக்குள் இருந்தால் எடுங்கள். இரண்டில் ஒன்று அமையாவிட்டாலும் பொறுங்கள்.