ஒரே ஊருக்கு மூன்று பெயர்

திருகோணமலையில் இரண்டு சிறு நூலகங்களின் பழைய புகைப்படப் பட்டியல்களை ஒன்றாக்க உட்கார்ந்தோம். ஒன்றில் ‘திருமலை’, மற்றதில் ‘திருக்கோணமலை’, இடையிடையே ‘ட்ரிங்கோமலி’. கணினிக்கு இவை மூன்று ஊர்கள்! கோணேசர் கோயில் படங்களைத் தேடினால் பாதிதான் வந்தது.

பதிவைத் தொடங்கும் முன்பே களங்களை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் நிரப்ப வேண்டிய தகவல் கட்டங்களை, முடிவு செய்துகொள்ளுங்கள். தலைப்பு, ஆக்கியோர், மொழி, உரிமை என டப்ளின் கோர் (படம், நூல் போன்றவற்றை விவரிப்பதற்கான பன்னாட்டுத் தரம்) தரும் 15 களங்கள் சிறு நூலகத்துக்குத் தாராளம். ஊர்ப்பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டல். மற்ற வடிவங்களை அழித்துவிடாமல் மாற்றுப்பெயர்களாகத் தனியே வையுங்கள்.

திகதிதான் பெரிய தலைவலி. 03/04/1985 என்றால் மார்ச் மாதமா, ஏப்ரலா? ஏப்ரல் 3 என்று உறுதியானால், திகதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 8601 முறைப்படி ஆண்டை முன்வைத்து 1985-04-03 என எழுதுங்கள். நாள் தெரியாவிட்டால் 1985-04 என்று நிறுத்துங்கள். ஊகித்து நிரப்பவே வேண்டாம்.